பொய்லரை மாற்றுமுன் இந்தக் குளிர்காலத்தில் ஒரு சோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டைச் சூடாக்க, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீற் பம்ப் நல்லதா, எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும் பொய்லர் நல்லதா என்று தங்கள் இதழில் கடந்த சில வாரங்களாக வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தவறாமல் படித்துவருகிறேன். ஹீற் பம்ப் பூட்டினால் செலவு பாதியாகிவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இந்த நாட்டுக் குளிருக்கு அது ஒத்துவராது, மானியத்தைக் காட்டி மக்களை மயக்குகிறார்கள் என்று இன்னொருவர் எழுதுகிறார். இருவருமே தங்கள் வீடு எத்தகையது, எந்த ஆண்டில் கட்டியது, அறைகளைச் சூடாக்கும் சுவரோரத் தகடுகளான றேடியேற்றர்களுக்குள் எத்தனை பாகை வெப்பத்தில் தண்ணீர் ஓடுகிறது என்று ஒரு வரியும் எழுதவில்லை. அவை தெரியாமல் இந்தக் கேள்விக்கு எவரும் விடை சொல்ல முடியாது என்பதால், இலண்டன் ஹரோவில் 1930களில் கட்டப்பட்ட, ஒரு பக்கச் சுவர் அயல்வீட்டோடு ஒட்டிய செமி டிடாச்ட் வீடொன்றில் இருபத்தாறு குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற அளவில் என் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் இப்போதைய பொய்லர் 2012 ஜனவரியில் வந்தது. பழையது ஒரு வெள்ளிக்கிழமை இரவு நின்றுவிட்டது. வீட்டில் எழுபத்தைந்து வயது மாமியார், கைக்குழந்தையோடு மகள். மறுநாள் வந்தவர் சமையலறை வாசலில் நின்றபடியே அறைச் சூட்டோடு குளிக்கும் வெந்நீரையும் தொட்டியில்லாமல் அப்போதைக்கப்போது தரும் 35 கிலோவாற் கொம்பி பொய்லர் ஒன்றைச் சொன்னார், நானும் தலையாட்டினேன், திங்கட்கிழமை பூட்டி முடிந்தது. அந்தக் குளிரில் வேறு எதையும் யோசிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. நம்மில் பலர் பொய்லரை இப்படித்தான் வாங்குகிறோம். அது நிற்கும் நாளில் வாங்குவதால், எது கையில் உடனே கிடைக்கிறதோ அதுவே நம் தெரிவு ஆகிவிடுகிறது. அந்த 35 என்ற எண், குளிக்கும்போது குழாயில் வெந்நீர் தடையின்றி வருவதற்கானது. மிகக் குளிரான நாளில்கூட என் வீட்டை 20 பாகையில் வைத்திருக்க 7 கிலோவாற் போதும் என்பது பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அறை அறையாக அளந்து கணக்கிட்ட பிறகுதான் தெரியவந்தது.

குளிர் நாட்டுக்கு ஒத்துவராது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஹீற் பம்பை விளக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிய வெப்பத்தை அது பின்புறமாக வெளியே தள்ளுகிறது. ஹீற் பம்ப் வெளிக்காற்றிலிருந்து உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளுகிறது. வெளியே உறைகுளிராக இருக்கும்போது காற்றில் ஏது வெப்பம் என்று கேட்கலாம். புதிய இயந்திரங்கள் பலவற்றில் குளிரூட்டியாக ஓடும் புரோப்பேன் சாதாரண காற்றழுத்தத்தில் −42 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அதற்கு இலண்டனின் உறைபனிக் காற்றும் சூடான அடுப்புத்தான். கொதித்து ஆவியானதை அழுத்தினால் அதன் வெப்பநிலை ஏறுகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. மின்சாரம் செலவாவது பெரும்பாலும் அந்த அழுத்தும் வேலைக்கே. நம்மவர் பலர் வாழும் நோர்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீற் பம்ப் இருக்கிறது. அங்குள்ளவற்றிற் பெரும்பாலானவை றேடியேற்றர் இல்லாமல் அறைக்குள் நேராகச் சூடான காற்றை ஊதுபவை என்பதால், அந்த உதாரணத்தை அப்படியே இங்கே பொருத்திவிடவும் கூடாது. ஆயினும் இது நேற்று முளைத்த தொழில்நுட்பம் அன்று: சூரிச் நகரமன்றக் கட்டடத்தை லிம்மாற் ஆற்று நீரின் வெப்பத்தைக் கொண்டு சூடாக்கத் தொடங்கியது 1938 இல்.

செலவு பாதியாகும் என்ற வாதம் இதைவிடக் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. எனர்ஜி சிஸ்டம்ஸ் கற்றபுல்ட் என்ற அமைப்பு, அரச நிதியுதவியுடன், பல காலங்களைச் சேர்ந்த 742 வீடுகளில் ஹீற் பம்ப்களைப் பூட்டி அவற்றின் உண்மையான செயற்பாட்டை அளந்தது. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் இயந்திரங்களின் திறனுக்கு இடைநிலைப் பெறுமதி ஏறத்தாழ 2.8. அதாவது, ஓர் அலகு மின்சாரம் கொடுத்தால் 2.8 அலகு வெப்பம் கிடைத்தது. இதைக் கேட்டதும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் இந்த நாட்டில் ஓர் அலகு மின்சாரத்தின் விலை ஓர் அலகு எரிவாயுவின் விலையைப் போல் 2025 இல் நான்கு மடங்காக இருந்தது. எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் 2025 ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்கு விதித்த விலை உச்சவரம்பின்படி மின்சாரம் 25.73 பென்சாகவும் எரிவாயு 6.33 பென்சாகவும் இருந்தன. ஆண்டுக்கு 11,500 அலகு எரிவாயு எரிக்கும் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொண்டால், எரிவாயுவுக்கு 728 பவுண், அதன் நிலையான நாட்கட்டணமான 29.82 பென்சுக்கு ஆண்டில் 109 பவுண், ஆக 837 பவுண். பொய்லர் 85 வீதத் திறனில் ஓடுகிறது என்று கொண்டால் வீட்டுக்குள் வந்து சேரும் வெப்பம் 9,775 அலகு. அதே வெப்பத்தை 2.8 என்ற திறனில் ஹீற் பம்ப் தர 3,491 அலகு மின்சாரம் வேண்டும். விலை 898 பவுண். செலவு பாதியாவது எங்கே, 61 பவுண் கூடத்தான் கட்ட வேண்டியிருக்கும். அதே இயந்திரம் 3.5 என்ற திறனில் ஓடினால் 2,793 அலகு, 719 பவுண். இப்போது 118 பவுண் மிச்சம். ஹீற் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்று சில வழங்குநர்கள் தரும், நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணங்களைச் சேர்த்தால் மிச்சம் கூடும். சமையலுக்குப் போகும் சிறிய பங்கை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

எனவே 2.8 ஆ, 3.5 ஆ என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயர் இதைத் தீர்மானிப்பது குறைவு. றேடியேற்றர்களுக்குள் எத்தனை பாகையில் தண்ணீரை அனுப்பினால் உங்கள் வீடு சூடாகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அனுப்பும் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை குறைத்தால் ஹீற் பம்பின் திறன் ஏறத்தாழ 2 வீதத்துக்கு மேல் கூடும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. 45 பாகையில் சூடாகும் வீட்டுக்கும் 60 பாகை கேட்கும் வீட்டுக்கும் ஒரே இயந்திரம் தரும் மின்கட்டணம் ஒன்றாக இராது.

இதை அறிய எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கொம்பி பொய்லர் வைத்திருப்பவர்கள் அதன் முகப்பைப் பாருங்கள். குழாய்ப் படத்தோடு ஒரு திருகு குளிக்கும் நீருக்கு, றேடியேற்றர் படத்தோடு ஒன்று அறைச் சூட்டுக்கு. இரண்டாவது பெரும்பாலான வீடுகளில் பூட்டிய நாளிலிருந்து 70 அல்லது 80 பாகையிலேயே நிற்கும். மிகக் குளிரான ஒரு வாரத்தில் அதை 50 பாகைக்கு இறக்கி, பொய்லரை நிறுத்தி நிறுத்திப் போடாமல் தொடர்ந்து ஓடவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஒரு வெப்பமானியை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா அறைகளும் 20 பாகையைத் தொட்டால் உங்கள் வீடு ஹீற் பம்புக்கு இப்போதே ஆயத்தமாக இருக்கிறது. தொடாத அறைகளின் பட்டியலே நீங்கள் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல். ஓர் எச்சரிக்கை: வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் பழைய வகைப் பொய்லர் உள்ளவர்கள் இப்படிக் குறைக்கக் கூடாது. தொட்டி நீர் 60 பாகையை எட்டாவிட்டால் அதில் லீஜியனெல்லா என்ற கிருமி வளர இடமுண்டு.

இந்த ஆண்டு ஜனவரியின் முதற் பாதியில், புல்லெல்லாம் வெண்பனி போர்த்தியிருந்த நாட்களில், நான் இதைச் செய்து பார்த்தேன். மேல்மாடி அறைகள் மூன்றும் எவ்விதக் குறையுமின்றிச் சூடாக இருந்தன. வளைந்த சன்னல் உள்ள முன்னறை 17 பாகைக்கு மேல் ஏறவில்லை. பின்புறம் நீட்டிக் கட்டிய சமையலறை 16. காரணம் தெளிவானது. றேடியேற்றரின் மேல் எழுதியிருக்கும் வலு, அதற்குள் சராசரியாக 70 பாகைத் தண்ணீர் ஓடும்போது கிடைப்பது. 50 பாகையில் அனுப்பி, சராசரி 45 பாகை ஆகிவிட்டால் அந்த வலுவில் ஏறத்தாழ 40 வீதமே கிடைக்கும். 1,000 வாற் றேடியேற்றர் 400 வாற் ஆகிவிடுகிறது. அந்த இரண்டு அறைகளிலும் இருந்தவை ஒற்றைத் தகட்டு றேடியேற்றர்கள். அதே நீள அகலத்தில் இரட்டைத் தகடு உள்ளதைப் பூட்டினால் ஒன்றே முக்கால் மடங்கு வெப்பம் வரும். சுவரில் புதிதாக இடம் தேட வேண்டாம். வீடு முழுவதையும் இடித்துக் குழாய் மாற்ற வேண்டும் என்று கேள்விப்பட்டுப் பயந்திருந்த எனக்கு வேலை மூன்று றேடியேற்றர்களோடு முடிந்தது. 10 மில்லிமீற்றர் மெல்லிய குழாய்கள் ஓடும் வீடுகளில் நிலைமை இவ்வளவு எளிதாக இராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஹீற் பம்ப் வேண்டாம் என்று முடிவு செய்பவருக்கும் அது பணத்தை மிச்சப்படுத்தும். 2005 இலிருந்து இங்கிலாந்தில் பூட்டப்படும் பொய்லர்கள் ஏறத்தாழ அனைத்தும் புகையிலுள்ள நீராவியை ஒடுக்கி அதன் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகை. ஆனால் றேடியேற்றர்களைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஒடுக்கம் நிகழும். 80 பாகையில் அனுப்பினால் அது நிகழாது. விளம்பரத்தில் 92 வீதம் என்று வாங்கிய பொய்லரை நாமே 85 வீதத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீடுகளின் பழக்கம் ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பொய்லரைப் போட்டு, மீதி நேரம் ஸ்வெட்டரும் போர்வையுமாக இருப்பதே சிக்கனம் என்று முதல் தலைமுறையினராகிய நாங்கள் பழகிவிட்டோம். குளிர்ந்து கிடக்கும் சுவர்களை அரை மணியில் சூடாக்க 35 கிலோவாற் பொய்லரால் முடியும். 7 கிலோவாற் ஹீற் பம்பால் முடியாது. அது மெல்லிய சூட்டில் நாள் முழுவதும் ஓடவேண்டிய இயந்திரம். அதைப் பொய்லர் போல மாலையில் மட்டும் போட்டுவிட்டு, வீடு சூடாகவில்லை, மின்கட்டணமும் ஏறிவிட்டது என்று குறை சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். குறை உண்மை, காரணம்தான் வேறு. என் சோதனை வாரத்தில் இந்தச் சீரான சூட்டை முதலில் கவனித்தவர் மாமியார். அவருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. விடியற்காலையில் எழுந்ததும் கைமூட்டு விறைக்கவில்லை என்றார்.

சமையலறைக்கு வருவோம். நான் மேலே போட்ட கணக்கில் எரிவாயுவின் நாட்கட்டணம் 109 பவுணும் இல்லாமற் போவதாகக் கொண்டேன். அடுப்பு எரிவாயுவிலேயே இருந்தால் அது போகாது; நாளுக்கு மூன்று வேளைச் சமையலுக்காக அந்தத் தொகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், 3.5 திறனில் வந்த மிச்சம் ஏறக்குறைய அதிலேயே கரைந்துவிடும். இண்டக்சன் அடுப்புக்கு மாறுவது பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுந்தால் உடனே வரும் கேள்வி தோசைக்கல். அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் அதில் நன்றாகவே வேலை செய்யும். இயலாதவை மண்சட்டியும் அலுமினியப் பாத்திரங்களும்; அடி உருண்ட தாச்சிக்கும் அதில் இடமில்லை. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் காந்தத்தோடு அலுமாரியைச் சோதித்ததில் பாதிக்கு மேல் தேறின, இடியப்பச் சட்டி தேறவில்லை.

கொம்பி பொய்லருக்கு வெந்நீர்த் தொட்டி தேவையில்லை, ஹீற் பம்புக்குத் தேவை. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லீற்றர் அளவில் ஒன்று வேண்டியிருக்கும். 2012 இல் கழற்றிய பழைய தொட்டி இருந்த அலுமாரியில் இப்போது சுவாமிப் படங்கள் இருக்கின்றன. அவற்றை நகர்த்துவதற்கு மனைவி இணங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மாடிப்படியின் கீழ் இடம் பார்த்திருக்கிறோம். ஹீற் பம்பின் வெளிப் பெட்டியை வளவின் எல்லையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைக்கவேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் 2025 மே மாதத்தில் நீக்கப்பட்டதால், ஒடுங்கிய பக்கச் சந்து உள்ள எங்களைப் போன்ற வீடுகளுக்கு வழி பிறந்திருக்கிறது. ஒலி அளவுக்கான கட்டுப்பாடு இன்னும் உண்டு. அயலவரின் படுக்கையறைச் சன்னலுக்கு நேரே வைக்க எவரும் எண்ண வேண்டாம்.

மானியம் பற்றி. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022 மே மாதம் தொடங்கிய திட்டத்தில் முதலில் 5,000 பவுணாக இருந்த தொகை 2023 ஒக்டோபரில் 7,500 ஆனது. விண்ணப்பிப்பது நாம் அல்ல, பூட்டுபவர். தொகையைக் கழித்தே அவர் நமக்கு விலை சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு விட்டிருப்போரும் இதைப் பெறலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியவில்லை. ஸ்கொட்லாந்தில் உள்ளவர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. மானியம் பெற, இத்தகைய இயந்திரங்களைப் பூட்டுபவர்களுக்கான தரச்சான்றான எம்சிஎஸ் உள்ளவர்தான் பூட்ட வேண்டும். ஆனால் சான்று இருப்பதாலேயே ஒருவரை நம்பிவிட வேண்டாம். என்னிடம் வந்த முதலாமவர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு 12 கிலோவாற் என்றார். இரண்டாமவர் மூன்று மணி நேரம் இருந்து, சன்னல், சுவர், லொஃப்ற் எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று தாளில் காட்டி, 7 என்றார். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடித் திறனை இழக்கும். எத்தனை பாகையில் தண்ணீர் அனுப்பும்படி வடிவமைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். 45 என்றோ 50 என்றோ எண்ணாக விடை வராவிட்டால் அவரை அனுப்பிவிடலாம்.

எனக்குக் கிடைத்த விலை, மானியம் போக, 4,900 பவுண். புதிய பொய்லர் பூட்டினால் ஏறத்தாழ 3,000. ஆண்டுக்கு 118 பவுண் மிச்சம் என்ற கணக்கில் அந்த 1,900 பவுணைத் திரும்ப எடுக்கப் பதினாறு ஆண்டுகள் ஆகும். இயந்திரத்தின் ஆயுளே பதினைந்து இருபது ஆண்டுதான். பணத்துக்காக மட்டும் மாறுகிறேன் என்று சொன்னால் அது பொய். 11,500 அலகு எரிவாயு எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு தொன் கரியமிலவாயு போகிறது. இந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் றற்கிளிஃப்பில் 2024 செப்டெம்பர் 30 அன்று மூடப்பட்ட பிறகு, அதே சூட்டை மின்சாரத்தில் பெறுவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கரியமிலவாயுவை விடும் வேலையாகிவிட்டது. மின்கட்டணத்தின் மேல் எரிவாயுவைவிட அதிகமான வரிச்சுமைகளை ஏற்றி வைத்துக்கொண்டு மக்களை மின்சாரத்துக்கு மாறச் சொல்லும் அரசின் முரண்பாடு என்னைக் கோபப்படுத்தாமல் இல்லை.

அதே வேளை, இல்ஃபோர்ட்டில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் என் அண்ணருக்கு நான் சொன்னது, பொய்லரை வைத்திருங்கள் என்பதே. வெளிச்சுவர் அவருடையதல்ல, பெட்டி வைக்க இடமில்லை, தொட்டிக்கும் இடமில்லை, பொய்லருக்கு வயது நான்கு. அவர் சூட்டை 55 பாகைக்கு இறக்கினார், வேறொன்றும் செய்யவில்லை. பொய்லரை அரசு தடை செய்யப் போகிறதாமே என்று அவர் பயந்திருந்தார். 2035 க்குப் பின் புதிய எரிவாயு பொய்லர் பூட்டுவதை நிறுத்துவது 2021 இல் அறிவித்த நோக்கம். 2023 செப்டெம்பரில் அதுவும் தளர்த்தப்பட்டது. இருப்பதைக் கழற்றும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஹைட்ரஜன் குழாயில் வரும், அதுவரை பொறுத்திருப்போம் என்பவர்களுக்கும் ஒரு சொல்: விற்பியிலும் றெட்காரிலும் வீடுகளுக்கு ஹைட்ரஜன் கொடுத்துப் பார்க்கவிருந்த இரு பரிசோதனைகளும் 2023 இல் கைவிடப்பட்டன.

எங்கள் வீட்டு வேலை ஒக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. மின்மீற்றரின் எண்ணையும் எரிவாயு மீற்றரின் கடைசி எண்ணையும் அன்று குறித்துவைப்பேன். 3.5 என்று நான் நம்பியிருக்கும் எண் 2.8 ஆகவே முடிந்தாலும், தாங்கள் இடம் தந்தால், ஏப்ரல் மாதத்தில் அந்தக் கணக்கோடு மீண்டும் எழுதுகிறேன்.

இங்ஙனம்,
ஹரோ வாசகர்